ஏஐ நம் யோசனையை எவ்வளவு மாற்றுகிறது, அதை எப்படி அளக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘சாட்ஜிபிடி மூளையை மழுங்கடிக்கிறது’ என்று ஒரு ஃபார்வர்டு வரும். ‘கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தான் புலம்பினார்கள்’ என்று அதற்குக் கீழேயே ஒரு பதில் வரும். இரண்டு தரப்பும் ஏதோ ஓர் ஆய்வைக் காட்டித்தான் சண்டை போடுகிறது. அந்த ஆய்வில் எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன், வரிசை முக்கியமில்லை, வேண்டியதை மட்டும் படிக்கலாம்.

‘சிந்தனை’, ‘சுயமாக முடிவெடுப்பது’ எல்லாம் அளக்கக்கூடிய சமாச்சாரமா?

நேரடியாக அளக்க முடியாது. சுயசிந்தனைக்கு கிலோ, லிட்டர் மாதிரி அலகு ஒன்றும் கிடையாது. அதனால் அது விட்டுப்போகும் தடயங்களை அளக்கிறார்கள். ஏஐ-யிடம் கேட்பதற்கு முன் ஒருவர் சொன்ன பதிலுக்கும் கேட்ட பிறகு சொன்ன பதிலுக்கும் எவ்வளவு இடைவெளி, ஏஐ தப்பாகச் சொன்னபோது எத்தனை பேர் அதைப் பிடித்தார்கள், ஏஐ-யை எடுத்துவிட்டால் அதே வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள், நூறு பேர் எழுதிய கட்டுரைகள் நூறு விதமாக இருக்கின்றனவா அல்லது ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றனவா, இப்படி.

எந்த ஆய்வு கையில் வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: ஏஐ பக்கத்தில் இருக்கும்போது அளந்தார்களா, எடுத்த பிறகு அளந்தார்களா? இருக்கும்போது அளந்தால் கருவி எவ்வளவு கெட்டி என்று தெரியும். அதைப் பயன்படுத்திய மனிதருக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டுமென்றால் எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ‘எங்கள் செயலியால் வேலை இத்தனை மடங்கு வேகமாக முடிகிறது’ என்று வருகிற விளம்பரக் கணக்கெல்லாம் முதல் வகை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டாலே பாதி ஃபார்வர்டுகளைத் தள்ளிவிடலாம்.

எதற்கு இவ்வளவு சுற்றுவழி? ‘ஏஐ உங்களை மாற்றியதா’ என்று ஆளிடமே கேட்டுவிட்டால் ஆயிற்றே?

கேட்கலாம், ஆனால் வருகிற பதிலை நம்ப முடியாது. இதற்கு நல்ல உதாரணம் 2023-ல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. 1,506 பேரிடம் ‘சமூக ஊடகம் சமுதாயத்துக்கு நல்லதா’ என்று ஒரு சின்னப் பதிவு எழுதச் சொன்னார்கள். ஒரு பகுதியினர் தாங்களாகவே எழுதினார்கள். மற்றவர்கள் எழுதும்போது அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க ஓர் ஏஐ கூடவே இருந்தது, ஜிமெயிலில் மங்கலான எழுத்தில் வாக்கியம் நீளுமே அந்த மாதிரி. அந்த ஏஐ-க்கு ஏற்கெனவே ஒரு சாய்வு வைத்திருந்தார்கள். சிலருக்கு ‘நல்லது’ பக்கம் இழுக்கும், சிலருக்கு ‘கெட்டது’ பக்கம்.

எழுதியது ஏஐ சாய்ந்த பக்கமே சாய்ந்தது. அது ஆச்சரியமில்லை, சோம்பலில் யாரும் சிபாரிசை அப்படியே ஏற்றுக்கொண்டு போகலாம். ஆனால் எழுதி முடித்த பிறகு அதே விஷயத்தைப் பற்றித் தனியாக ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள், அதில் ஏஐ இல்லை, அங்கேயும் கருத்து அதே பக்கம் நகர்ந்திருந்தது. நேரம் எடுத்துக்கொண்டு சொந்தமாக வாக்கியம் அமைத்தவர்களும் தப்பவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஏஐ ஒரு பக்கமாகப் பேசுகிறது என்பதே கண்ணில் படவில்லை.

ஆக, யார் மாறினாரோ அவரிடமே போய் ‘மாறினீர்களா’ என்று கேட்டால் ‘இல்லையே, நான் எப்போதும் இப்படித்தானே நினைத்தேன்’ என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றுகிறது.

மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2025-ல் 319 அலுவலக ஊழியர்களிடம் நடத்திய ஆய்வும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஏஐ மேல் நம்பிக்கை அதிகமாக உள்ளவர்கள் குறைவாகச் சரிபார்த்துச் சிந்திக்கிறார்கள், தன் திறமை மேல் நம்பிக்கை உள்ளவர்கள் அதிகமாகச் சிந்திக்கிறார்கள் என்பது அதன் முடிவு. பயனுள்ள ஆய்வுதான், ஆனால் அது முழுக்க அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னது. ‘ஏஐ சிந்தனையைக் குறைக்கிறது என்று மைக்ரோசாஃப்டே ஒத்துக்கொண்டது’ என்று தலைப்பு வைத்தவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

எண்ணாகவே காட்டுங்கள். ஒருவர் ஏஐ பேச்சை எவ்வளவு கேட்டார் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

இதற்கு ஏஐ வருவதற்கு ரொம்ப முன்பிருந்தே உளவியலில் ஒரு கணக்கு உண்டு. யோசனை சொன்னவருக்கு நாம் கொடுத்த எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று உங்களைக் கேட்கிறேன். நீங்கள் 400 என்கிறீர்கள். பிறகு ஏஐ 600 என்கிறது. யோசித்துவிட்டு கடைசியாக 550 பேருக்குச் சமைக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் நகர்ந்தது 150, ஏஐ-க்கும் உங்களுக்கும் இருந்த தூரம் 200. 150-ஐ 200-ஆல் வகுத்தால் 0.75. பூஜ்யம் என்றால் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, 1 என்றால் உங்கள் கணக்கைக் குப்பையில் போட்டுவிட்டு அது சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

இதை வைத்து 2019-ல் ஜெனிஃபர் லாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அதே யோசனையை ‘மனிதர்கள் சொன்னது’ என்று கொடுத்தபோது கிடைத்ததை விட ‘கணினி நிரல் சொன்னது’ என்று கொடுத்தபோது மக்கள் அதிக எடை கொடுத்தார்கள். அதற்குச் சில வருஷம் முன்னால் வேறொரு குழு நேரெதிராக, கணினி ஒரு தடவை தப்புச் செய்வதைப் பார்த்துவிட்டால் மக்கள் அதை ஒதுக்கிவிடுகிறார்கள் என்று காட்டியிருந்தது. இரண்டும் உண்மைதான். தப்பைக் கண்ணால் பார்த்தோமா இல்லையா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த 0.75 நல்லதா கெட்டதா என்று எண் மட்டும் சொல்லாது, அதையும் கவனியுங்கள். ஏஐ சொன்னது சரி என்றால் 0.75 புத்திசாலித்தனம், தப்பு என்றால் நூற்றைம்பது இலை வீண். அதனால் நல்ல ஆய்வுகளில் ஏஐ சில கேள்விகளுக்கு வேண்டுமென்றே தப்பான பதில் சொல்லும்படி வைத்திருப்பார்கள். சரியானதை ஏற்று, தப்பானதைத் தள்ளத் தெரிகிறதா என்று அப்போதுதான் பார்க்க முடியும்.

படித்தவர்கள், அனுபவசாலிகள் இதில் ஏமாற மாட்டார்கள் இல்லையா?

குறைவாக ஏமாறுவார்கள், அவ்வளவுதான். 2023-ல் ‘ரேடியாலஜி’ இதழில் வந்த ஓர் ஆய்வில் 27 கதிரியக்க மருத்துவர்களிடம் 50 மார்பக எக்ஸ்ரே படங்களைக் கொடுத்தார்கள். கூடவே ‘ஏஐ கணிப்பு’ என்று ஒரு பதிலும் இருந்தது. உண்மையில் அந்தப் பதில்களை ஆய்வாளர்களே தயாரித்து வைத்திருந்தார்கள், சிலவற்றை வேண்டுமென்றே தப்பாக. கணிப்பு சரியாக இருந்த படங்களில் எல்லா மருத்துவர்களும் ஏறக்குறைய 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். கணிப்பு தப்பாக இருந்த படங்களில் அனுபவம் குறைந்தவர்கள் சுமார் 20 சதவீதத்துக்கு விழுந்தார்கள், மிகுந்த அனுபவம் உள்ளவர்களே 45 சதவீதத்தில் நின்றார்கள். நாள் முழுக்க இந்தப் படங்களையே பார்க்கிறவர்கள், பக்கத்தில் ஒரு கணிப்பு எழுதியிருந்ததால் தங்கள் கண்ணை நம்பவில்லை.

இது ஏஐ இருக்கும்போது அளந்தது. எடுத்த பிறகு அளந்ததும் இருக்கிறது. போலந்தில் நான்கு மருத்துவ மையங்களில் குடலில் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி சோதனைக்கு ஏஐ கொண்டுவந்தார்கள். சில சோதனைகள் ஏஐ-யோடு, சில இல்லாமல் என்று நடந்தது. ஏஐ வருவதற்கு முன்பு, பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளை மருத்துவர்கள் 28.4 சதவீத நோயாளிகளிடம் கண்டுபிடித்தார்கள். ஏஐ-யோடு வேலை செய்து பழகிய பிறகு, ஏஐ இல்லாமல் செய்த சோதனைகளில் அது 22.4 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2025 ஆகஸ்டில் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வெளியானது. 19 மருத்துவர்கள்தான், குலுக்கல் முறையில் பிரித்த சோதனையும் இல்லை, இடைப்பட்ட காலத்தில் வேறு காரணங்களும் நுழைந்திருக்கலாம். இருந்தாலும் இந்த வகையில் நிஜ மருத்துவமனையில், நிஜ நோயாளிகளிடம் எடுத்த கணக்கு என்பதால் எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமான ஆய்வாகப் படுகிறது. ஃபார்வர்டில் இது அவ்வளவாக வருவதில்லை.

மூளையில் வயர் மாட்டி அளந்தார்களாமே, அந்த எம்ஐடி ஆய்வு?

அதுதான் ஃபார்வர்டில் வந்தது! 2025 ஜூனில் எம்ஐடி மீடியா லேப் வெளியிட்டது. 54 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, பல அமர்வுகளில் கட்டுரை எழுதச் சொன்னார்கள்: ஒரு குழு சாட்ஜிபிடி வைத்து, ஒன்று கூகுள் மாதிரி தேடுபொறி வைத்து, ஒன்று எதுவும் இல்லாமல். எழுதும்போது தலையில், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி கருவி. எதுவும் இல்லாமல் எழுதியவர்களின் மூளைப் பகுதிகளுக்கு இடையே தொடர்பு அதிகமாகவும், சாட்ஜிபிடி குழுவில் குறைவாகவும் பதிவானது.

இதை ‘மூளை பாதிப்பு’ என்று எழுதியது தப்பு. ஒரு வேலையைச் செய்யும்போது மூளை குறைவாக உழைத்தது என்பது வேறு, மூளை கெட்டுப்போனது என்பது வேறு. லிஃப்டில் ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கவில்லை என்பதால் அவர் கால் செயலிழந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். தவிர, சக ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே வெளியிட்ட வடிவம் அது. குழுக்களை மாற்றிப் போட்டுப் பார்த்த நான்காவது அமர்வுக்கு 18 பேர்தான் வந்தார்கள், நான் முதலில் சொன்ன ‘எடுத்த பிறகு’ அளவு அந்த அமர்வில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வில் ஈஈஜி-யை விட எனக்குப் பிடித்தது வேறொரு எளிய கேள்வி. எழுதி முடித்த கையோடு, ‘நீங்கள் இப்போது எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு வரி சொல்லுங்கள்’ என்று கேட்டார்கள். முதல் அமர்வில் சாட்ஜிபிடி குழுவில் 18 பேரில் 15 பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இதற்கு எந்த வயரும் வேண்டாம். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நாளைக்கே வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வாருங்கள். படிப்பதற்கு ஏஐ கொடுக்கலாமா?

எந்த ஏஐ, எப்படி என்பதைப் பொறுத்தது. துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணிதத்தில் செய்த சோதனை இதில் தெளிவானது. ஒரு பிரிவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி மாதிரி ஒன்று, கேட்டால் விடையைச் சொல்லிவிடும். இன்னொரு பிரிவுக்கு ஆசிரியர்கள் வடிவமைத்தது, விடையைச் சொல்லாது, அடுத்த படிக்குக் குறிப்பு மட்டும் கொடுக்கும். மூன்றாவது பிரிவுக்குப் பாடப்புத்தகமும் குறிப்பேடும்தான்.

பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவு, புத்தகப் பிரிவை விட 48 சதவீதம் அதிகம் எடுத்தது. குறிப்பு கொடுக்கும் ஏஐ வைத்திருந்த பிரிவு 127 சதவீதம் அதிகம். இந்த இடத்தில் நிறுத்தினால் விளம்பரம் ரெடி. ஆனால் அப்புறம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு தேர்வு வைத்தார்கள். விடையைச் சொல்லும் ஏஐ வைத்திருந்த பிரிவு, ஏஐ-யையே பார்க்காத பிரிவை விட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. குறிப்பு ஏஐ பிரிவுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, தேர்வில் பெரிய லாபமும் இல்லை. மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு, தாங்கள் குறைவாகக் கற்றுக்கொண்டோம் என்ற எண்ணமே வரவில்லை என்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்து ‘ஏஐ வைத்துப் படிக்கிறான், ஹோம்வொர்க் எல்லாம் சுத்தமாக முடித்துவிடுகிறான்’ என்று சந்தோஷப்படுகிற பெற்றோருக்கு இதைத்தான் காட்டுகிறேன். ஹோம்வொர்க் சுத்தமாக முடிவது எதையும் சொல்லாது. போனை வாங்கி வைத்துவிட்டு அதே மாதிரி இரண்டு கணக்கு கொடுத்துப் பாருங்கள்.

கால்குலேட்டர் வந்தபோதும் இதையேதானே சொன்னார்கள்?

நியாயமான கேள்வி, சும்மா தட்டிக்கழிக்கக் கூடாது. ‘எடுத்த பிறகு அளப்பது’ என்ற முறைக்கே இது ஒரு சவால். வாழ்நாள் முழுக்க கருவி கையில் இருக்கப் போகிறது என்றால், கருவி இல்லாதபோது எப்படிச் செய்கிறார் என்று எதற்குப் பார்க்க வேண்டும்? மனக்கணக்கில் பெருக்கத் தெரியாமல் போனதால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. மேலும் பீதி கிளப்பிய பழைய ஆய்வுகளில் சில நிலைக்கவும் இல்லை. கூகுளில் தேடலாம் என்று தெரிந்தாலே ஞாபகம் குறைகிறது என்று 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது, உலகமே அதைப் பேசியது. 2018-ல் ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இரண்டிலும் வந்த 21 சமூக அறிவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, அதிலிருந்து எடுத்த சோதனை பழைய முடிவைத் தரவில்லை. அதனால் ஒரே ஒரு ஆய்வை வைத்து யாரும் உறுதியாகப் பேசினால் நான் சற்றுத் தள்ளியே நிற்பேன்.

அப்படியும் கால்குலேட்டர் வாதம் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. கால்குலேட்டர் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொல்லும், மகனை எந்தக் காலேஜில் சேர்க்கலாம், யாருக்கு ஓட்டுப் போடலாம், மாமியாருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று சொல்லாது. விடை ஒன்றே ஒன்று இருக்கும் வேலையும், ஆளுக்கு ஆள் வேறாக இருக்க வேண்டிய முடிவும் ஒரே தராசில் நிற்காது. இன்னொன்று, ஏஐ தப்பும் செய்யும், அதைப் பிடிக்க எந்தத் திறமை வேண்டுமோ அதே திறமைதான் பழக்கம் விட்டால் குறைகிறது. 2023-ல் ஸ்பெயினின் டியூஸ்டோ பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், ஒரு பக்கமாகத் தப்புச் செய்யும் ஏஐ-யோடு நோய் கண்டறியும் பயிற்சி செய்தவர்கள், ஏஐ போன பிறகும் அதே பக்கமாகவே தப்புச் செய்தார்கள். கால்குலேட்டரை மூடி வைத்தால் அதன் பழக்கம் நம் கையில் ஒட்டிக்கொள்வதில்லை.

நம்மூருக்கு இதில் தனியாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2025-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் இன்னொரு குழு 118 பேரை எடுத்தது, பாதிக்குப் பக்கம் இந்தியர்கள், மற்றவர்கள் அமெரிக்கர்கள். பிடித்த சாப்பாடு, பிடித்த பண்டிகை, பிடித்த பிரபலம் என்று சாதாரணத் தலைப்புகளில் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள், சிலருக்கு அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுக்கும் ஏஐ உண்டு, சிலருக்கு இல்லை.

இந்தியர் பிடித்த சாப்பாடு என்று ஆரம்பித்தால் அது பீட்ஸா என்று நீட்டுகிறது, பண்டிகை என்றால் கிறிஸ்துமஸ். ஷாருக் கான் என்று எழுத நினைத்து முதல் எழுத்தைத் தட்டினால், கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ’நீல், இல்லையென்றால் ஸ்கார்லெட் ஜொஹான்சன் என்று வருகிறது. இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்தியர்கள் சிபாரிசுகளில் 25 சதவீதத்தை ஏற்றார்கள், அமெரிக்கர்கள் 19 சதவீதத்தைத்தான். ஏற்றதை மறுபடி திருத்துவதும் இந்தியர்களுக்குத்தான் அதிகமாக இருந்தது, அதனால் நேரம் மிச்சமாவதிலும் அவர்களுக்குக் கிடைத்தது குறைவு. இரண்டு நாட்டுக் கட்டுரைகளும் ஒன்றை ஒன்று நெருங்கின. எது யார் எழுதியது என்று பிரிக்கப் பழக்கிய கணினி நிரலுக்கே அடையாளம் காண்பது கடினமானது. நெருங்கியது என்றால் இருவரும் பாதி வழி வரவில்லை, இந்தியர் எழுத்துதான் அமெரிக்கப் பக்கம் போனது.

தனி ஆள் ஒருவரின் கட்டுரையை மட்டும் பார்த்தால் இதில் குறையே தெரியாது, நன்றாகத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றும். எல்லோருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். இந்த வகை பாதிப்பை ஆளிடம் கேட்டும் கண்டுபிடிக்க முடியாது, ஆளை மட்டும் அளந்தும் கண்டுபிடிக்க முடியாது.

தேர்தலில் ஏஐ ஓட்டை மாற்றிவிடுமா?

சாட்பாட் தமிழ்நாட்டுக்குப் புதுசாக இருக்கலாம், இந்தக் கேள்வி இந்தியாவுக்குப் புதுசு இல்லை. 2014 மக்களவைத் தேர்தலின்போதே, யாருக்குப் போடுவது என்று முடிவு செய்யாத 2,150 இந்திய வாக்காளர்களை வைத்து ராபர்ட் எப்ஸ்டீன், ரொனால்ட் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இதையும் சேர்த்து மொத்தம் ஐந்து சோதனைகளை வைத்து, ஒரு போலித் தேடுபொறியில் முடிவுகளின் வரிசையை மட்டும் ஒரு வேட்பாளருக்குச் சாதகமாக மாற்றினால் விருப்பத்தை 20 சதவீதமும் அதற்கு மேலும் நகர்த்தலாம் என்று 2015-ல் எழுதினார்கள். சோதனையில் நகர்ந்தது வேறு, பூத்தில் பட்டன் அழுத்துவது வேறு, அதை மறக்காமல் படிக்க வேண்டும்.

சாட்பாட்டுகள் பற்றிய பெரிய கணக்கு 2025 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பிரிட்டனில் ஏறக்குறைய 77,000 பேர், 19 ஏஐ மாடல்கள், 707 அரசியல் விஷயங்கள். உங்கள் வயது, ஊர், கட்சி எல்லாம் தெரிந்துகொண்டு உங்களுக்கென்றே பேசுவதால்தான் ஏஐ ஆபத்து என்று எல்லோரும் பயந்தார்கள் அல்லவா, அதன் பங்கு சின்னதாகத்தான் இருந்தது. தகவல்களை அடுக்கி அடுக்கிக் கொட்டுவதுதான் ஆட்களை மாற்றியது. ஆட்களை அதிகமாக மாற்றும்படி பழக்கிய மாடல்கள் சொன்ன தகவல்களில் தப்பும் அதிகமாக இருந்தது. அதே ஆண்டு மே மாதம் வெளியான, சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 900 பேரை வைத்து நடத்திய விவாதச் சோதனையோ, எதிராளியின் விவரம் தெரிந்த ஜிபிடி-4 (சாட்ஜிபிடியை இயக்கிய மாடல்) மனிதர்களை விட அதிகமாக மனதை மாற்றியது என்று சொன்னது. இரண்டும் மோதுகின்றன, இன்னும் தீரவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தால் நான் பெரிய ஆய்வின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

ஏஐ நல்ல பக்கம் மாற்றினால் அதுவும் பாதிப்பா?

இதில்தான் மாட்டிக்கொள்கிறோம். 2024 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், சதிக் கதைகளை நம்பும் 2,190 பேரை ஜிபிடி-4-ஓடு பேச வைத்தார்கள். அந்தந்த ஆள் சொன்ன காரணத்துக்கு அது பொறுமையாக ஆதாரத்தோடு பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் இறங்கியது, இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதும் அப்படியே இருந்தது.

எவ்வளவு நகர்ந்தார் என்று அளப்பது போதாது, எதனால் நகர்ந்தார் என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஆதாரத்தைப் பார்த்து மாறினால் அவர் யோசித்துத்தான் மாறினார். அந்த ஆய்விலேயே இதற்கு ஒரு சோதனை உண்டு. உண்மையாகவே நடந்த சதிகளை நம்பியவர்களின் நம்பிக்கை இறங்கவில்லை. அதாவது வெறும் பேச்சு வலிமையில் எல்லாவற்றையும் தள்ளிவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வாக்கியத்தை நீட்டி மாற்றுவதும் இதுவும் எண்ணில் ஒன்றாக இருக்கலாம், தன்மையில் ஒன்றில்லை.

நம்மிடம் சொல்லாமலே நம்மை அளக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். 2012-ல் ஃபேஸ்புக் 6,89,003 பேரின் பக்கத்தில் வரும் மகிழ்ச்சியான பதிவுகள், சோகமான பதிவுகளின் விகிதத்தை ஒரு வாரம் மாற்றிப் பார்த்து 2014-ல் வெளியிட்டது. விளைவு மிக மிகச் சின்னது, கோபம் பெரியது. 2025 ஏப்ரலில் சூரிச் பல்கலைக்கழக விவகாரம் வெளியே வந்தது. ரெடிட் தளத்தில் ‘என் கருத்தை மாற்றுங்கள்’ என்று ஒரு குழு இருக்கிறது. அதில் ஏஐ எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களை மனிதர் எழுதியது போலப் பல மாதம் போட்டிருக்கிறார்கள். ஒரு கணக்கு பாலியல் வன்முறைக்கு ஆளானவர் போலப் பேசியது. எதிர்ப்பு கிளம்பி, முடிவுகளை வெளியிடுவதில்லை என்று ஆய்வாளர்கள் தீர்மானித்தார்கள். மனிதரின் சுயமுடிவைப் பற்றிய ஆய்வு, அதே மனிதரிடம் சம்மதம் கேட்கவில்லை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

மனிதரை விட்டுவிட்டு ஏஐ-யையே அளக்க முடியாதா?

முடியும், அது வேகமாகவும் மலிவாகவும் இருக்கும். 2025-ல் வந்த ‘ஹ்யூமன் ஏஜென்சி பெஞ்ச்’ அப்படி ஒரு சோதனைத் தொகுப்பு. தெளிவில்லாத கேள்விக்கு ஏஐ திருப்பிக் கேள்வி கேட்கிறதா, முக்கியமான முடிவை ஆளிடமே விடுகிறதா, கற்றுக்கொள்ள விரும்புகிறவரிடம் விடையைக் கொட்டிவிடாமல் இருக்கிறதா என்று ஆறு கோணத்தில் மாடல்களைச் சோதிக்கிறது. மொத்தத்தில் மதிப்பெண் சுமார்தான். இதில் மதிப்பெண் போடுவதும் ஏஐ மாடல்களே என்பதை ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜால்ரா அடிப்பதையும் அளக்கிறார்கள். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ மாடலில் செய்த ஒரு மாற்றத்தைச் சில நாளிலேயே திரும்பப் பெற்றது, காரணம் எதைச் சொன்னாலும் ‘ஆகா’ என்று புகழ ஆரம்பித்துவிட்டது. பயனர்கள் கட்டைவிரல் உயர்த்திக் காட்டுவதை அதிகமாகக் கணக்கில் எடுத்ததும் ஒரு காரணம் என்று அவர்களே எழுதினார்கள். ‘பயனருக்குப் பிடித்திருக்கிறதா’ என்பது எவ்வளவு மோசமான அளவுகோல் என்பதற்கு இதை விட நல்ல சாட்சி கிடைக்காது.

சட்டம் ஏதாவது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 5-வது பிரிவில், ஆளுக்குத் தெரியாமல் முடிவெடுக்கும் திறனைக் குலைத்துப் பெரிய தீங்கு விளைவிக்கும் உத்திகளைத் தடை செய்திருக்கிறது, 2025 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. அபராதம் 3.5 கோடி யூரோ வரை அல்லது உலக விற்பனையில் 7 சதவீதம் வரை. குலைந்தது என்று வழக்கில் நிரூபிக்க மேலே பேசிய அளவுகளைத்தான் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கும்.

நானே என்னைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, ஒரு காகிதமும் பேனாவும் போதும். ஏஐ-யிடம் எதையாவது கேட்பதற்கு முன்னால் உங்கள் பதிலை ஒரு வரியில் எழுதி வையுங்கள், எண்ணாக இருந்தால் இன்னும் நல்லது, கல்யாணக் கணக்கு மாதிரி எடையைப் போட்டுப் பார்க்கலாம். மனதில் நினைத்துக்கொண்டால் போதாது, பதிலைப் படித்ததும் ‘நானும் இதைத்தான் நினைத்தேன்’ என்று மனசு மாற்றிச் சொல்லிவிடும். ஏஐ எழுதிக்கொடுத்ததை அனுப்பிய பிறகு, திரையை மூடிவிட்டு அதில் இருந்த மூன்று விஷயத்தைச் சொல்ல முடிகிறதா பாருங்கள்.

அப்புறம், முக்கியமான முடிவு என்றால் புது சாட் திறந்து கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். ஒன்றில் ‘வேலையை விட்டுவிட்டு சொந்தமாகக் கடை வைக்கலாம் என்று இருக்கிறேன், சரிதானே?’ என்று கேளுங்கள். இன்னொன்றில் அதே சம்பளம், அதே கடன், அதே குடும்ப நிலவரத்தைக் கொடுத்துவிட்டு ‘கடை ஆசையை விட்டுவிட்டு வேலையிலேயே இருந்துவிடலாம் என்று இருக்கிறேன், சரிதானே?’ என்று கேளுங்கள். இரண்டுக்கும் ‘மிகச் சரியான முடிவு’ என்று வந்தால், அந்த விஷயத்தில் அதனிடம் மூன்றாவது தடவை கேட்க வேண்டியதில்லை, கடை வைத்திருக்கிற யாராவது ஒருவரைப் போய்ப் பாருங்கள்.